மரக்காணத்து உப்பளத் தரையும் மின் இரட்டை அடுக்குக் கோட்பாடும்

சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணமாக ஆய்வாளர் பலர் கொள்வர். உப்பு வணிகரான உமணரையும் அந்நூல் சுட்டுகிறது. இக்கடற்கரையில் உப்பு விளைவிப்போரின் முதற்பணி தரை அமைத்தலே ஆகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பாத்திகளிலுள்ள சேற்றை அகற்றி, களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்குவர். ஆண்டுதோறும் இவ்வுழைப்பு வேண்டப்படுவதன் காரணங்களுள் ஒன்று களிமண் துகளின் மின்னூட்டம் ஆகும்.

களிமண் துகளின் பரப்பு எதிர்மின்னூட்டம் உடையது. நீரிலுள்ள சோடியம் முதலிய நேர்மின் அயனிகள் அதனருகே திரள்கின்றன. மின்னூட்டங்கள் இரு அடுக்குகளாக எதிரெதிர் நிற்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1879இல் விளக்கினார். வெப்ப அசைவால் அயனிகள் பரவி நிற்பதைக் கூய் (1910), சாப்மன் (1913) ஆகியோர் கணித்தனர். இரு கருத்துகளையும் ஸ்டெர்ன் 1924இல் இணைத்தார்.

இக்கோட்பாட்டின்படி, கடல்நீரில் பரவலடுக்கின் தடிமன் ஏறத்தாழ 0.4 நானோமீட்டர், உப்புச் செறிவு ஐந்நூறில் ஒரு பங்காகக் குறையின் அது ஏறத்தாழ 10 நானோமீட்டராக விரியும். ஆகவே உவர்நீரில் துகள்கள் நெருங்கித் திரண்டு படிகின்றன. மழைநீரிலோ சோடியம் ஏறிய களிமண் உப்பிப் பிரிந்து நீரைக் கலக்குகிறது. மழைக்குப்பின் தரை குலைவது இதனால் விளங்கும்.

தரை மிதித்தோர் இக்கோட்பாட்டை முன்னரே அறிந்திருந்தனர் எனல் மிகையாகும். எனினும் அது விளக்கும் விளைவை அவர்கள் நாள்தோறும் கையாண்டனர். கோட்பாட்டு வரலாற்றில் ஆய்வாளர் பெயர்கள் நிலைத்துள்ளன; உப்பளத் தொழிலாளர் அறிவோ பெரிதும் வாய்மொழியாகவே நிற்கிறது. அதனைப் பதிவுசெய்தல் தமிழ்த் தொழில்நுட்ப வரலாற்றின் கடனாகும்.