மருதமுனைத் தறியும் சந்தையும்

கல்முனைக்கு வடக்கே, கடலோரத்தில் அமைந்த மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். வீடுகளில் தறியொலி கேட்ட அக்காலத்தில் அவ்வூர்ச் சாரத்துக்கு விளம்பரம் வேண்டியிருக்கவில்லை. நெய்தவனும் உடுத்தவனும் ஒரே கரையின் மக்கள். சாயம் போகும் துணியை விற்றவன் அயலவனுக்கு முகங்கொடுக்க முடியாது. அந்த நாணயமே வியாபாரத்தின் முதலாக இருந்தது.

1970 முதல் 1977 வரை நிலவிய கடும் இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ளூர்த் துணியின் சந்தையைக் காத்து நின்றது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஆலைத்துணி மலிவாக வந்து குவிந்தது. தறிகள் பல ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையும் மருதமுனையைத் தாக்கிற்று.

'விற்கக் கற்றுக்கொள்' என்று நெசவாளனுக்கு இன்று உபதேசிப்போர் உளர். கற்கட்டும், நன்றே. ஆனால் விற்கத் தெரியாமையாலா அவன் வீழ்ந்தான்? நூலைக் கடனாகத் தந்து, துணியைத் தம் விலைக்கே எடுத்துக்கொள்ளும் இடைத்தரகர் முறை கைத்தறித் தொழிலுக்குப் புதிதன்று. அம்முறையில் வாங்குபவன் முகத்தையே காணாத உழைப்பாளி யாரிடம் தன் துணியின் தரத்தை எடுத்துரைப்பான்? நூற்கொள்வனவும் விற்பனையும் நெசவாளரின் கூட்டுறவுக் கரங்களுக்கு வரவேண்டும். அதன் பின்னரே விளம்பரம் பற்றிய உபதேசத்துக்குப் பொருளுண்டு.