ஹிஸ்டோன் மாற்றங்கள்

ஹிஸ்டோன் மாற்றங்கள் என்பன, உயிரணுக் கருவினுள் டி.என்.ஏ இழை சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மீது நொதிகளால் நிகழ்த்தப்படும் வேதி மாற்றங்கள் ஆகும். அசெட்டைல், மெத்தைல், பாஸ்பேட் முதலிய தொகுதிகள் இப்புரதங்களில் சேர்க்கப்படுவதும் நீக்கப்படுவதும், அவ்விடத்திலுள்ள மரபணு செயற்படுவதையோ அடங்கியிருப்பதையோ பெரிதும் பாதிக்கின்றன. இதனால் டி.என்.ஏ-யின் எழுத்து வரிசை மாறுவதில்லை. ஒரே மரபணுக்களைக் கொண்ட நரம்பு உயிரணுவும் கல்லீரல் உயிரணுவும் வெவ்வேறாக இயங்குவதற்கு இம்மாற்றங்களும் ஒரு காரணமாகும்.

அமைப்பு

மனித உயிரணு ஒன்றிலுள்ள டி.என்.ஏ-யின் மொத்த நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். இது சில மைக்ரோமீட்டர் விட்டமே உள்ள கருவினுள் அடங்க வேண்டியுள்ளது. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகிய நான்கு வகை ஹிஸ்டோன்கள் வகைக்கு இரண்டாகச் சேர்ந்து எட்டுப் புரதங்கள் கொண்ட உருளையாக அமைகின்றன. இதனைச் சுற்றி 147 இணை எழுத்துகள் நீளமுள்ள டி.என்.ஏ ஏறத்தாழ 1.65 சுற்றுகள் சுற்றியுள்ளது. இந்த அலகு நியூக்கிளியோசோம் எனப்படும். ஹிஸ்டோன்களின் வால் போன்ற முனைகள் உருளைக்கு வெளியே நீண்டிருப்பதால், பெரும்பாலான மாற்றங்கள் அவ்வால்களிலேயே நிகழ்கின்றன.

வரலாறு

ஹிஸ்டோன்களை 1884 ஆம் ஆண்டு செருமானிய அறிவியலாளர் ஆல்பிரெக்ட் கோசல் கண்டறிந்தார். நெடுங்காலம் இவை டி.என்.ஏ-யைத் தாங்கும் வெறும் சட்டங்களாகவே கருதப்பட்டன. 1964 இல் வின்சென்ட் ஆல்ஃபிரே குழுவினர், ஹிஸ்டோன்களில் அசெட்டைல் ஏற்றம் நிகழும்போது ஆர்.என்.ஏ உருவாக்கம் கூடக்கூடும் என்று தெரிவித்தனர். ஆனால் இதற்கான சான்று வலுப்பெற முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. 1996 இல் டேவிட் ஆலிஸ் குழுவினர் டெட்ராஹைமினா என்னும் ஒரு செல் உயிரியிலிருந்து அசெட்டைல் ஏற்றும் நொதி ஒன்றைப் பிரித்தெடுத்தனர். மரபணுக்களைத் தூண்டுவதாக ஈஸ்ட்டில் முன்பே அறியப்பட்டிருந்த புரதத்தை அது ஒத்திருந்தது. அதே ஆண்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழுவினர் அசெட்டைலை நீக்கும் நொதியை இனங்கண்டனர். மெத்தைலை நீக்கும் நொதி 2004 இல் யாங் ஷி குழுவினரால் கண்டறியப்பட்டது.

முதன்மை வகைகள்

* அசெட்டைல் ஏற்றம்: லைசின் அமினோ அமிலத்தின் நேர்மின்னூட்டம் நீங்குகிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட டி.என்.ஏ-யுடனான பிடிப்பு தளர்வதால் மரபணு பொதுவாகத் தூண்டப்படுகிறது.
* மெத்தைல் ஏற்றம்: மின்னூட்டம் மாறுவதில்லை. விளைவு இடத்தைப் பொறுத்தது. எச்3 புரதத்தின் 4 ஆம் இடத்து லைசினில் மூன்று மெத்தைல்கள் சேர்வது செயற்படும் மரபணுவின் அடையாளம். அதே புரதத்தின் 9 அல்லது 27 ஆம் இடத்தில் சேர்ந்தால் அது அடங்கிய பகுதியின் அடையாளம்.
* பாஸ்பேட் ஏற்றம்: டி.என்.ஏ-யின் இரு இழைகளும் முறியும்போது, முறிவின் அருகிலுள்ள எச்2ஏஎக்ஸ் என்னும் ஹிஸ்டோனில் சில நிமிடங்களிலேயே பாஸ்பேட் சேர்ந்து, பழுது நீக்கும் புரதங்களை அங்கே கூட்டுகிறது.
* யுபிக்குவிட்டின் ஏற்றம்: 76 அமினோ அமிலங்கள் கொண்ட முழுப் புரதமே ஹிஸ்டோனுடன் இணைக்கப்படுகிறது.

இவற்றைச் சேர்க்கும் நொதிகள் 'எழுதிகள்' என்றும், நீக்குபவை 'அழிப்பிகள்' என்றும், குறிகளை உணர்ந்து அவற்றுடன் பிணையும் புரதங்கள் 'படிப்பிகள்' என்றும் அழைக்கப்படுகின்றன. குறிகள் அழிக்கப்படக் கூடியவை என்பதே மருத்துவ ஆர்வத்திற்கு அடிப்படை. மரபணுவின் எழுத்துப் பிழையைத் திருத்துவது கடினம். ஆனால் ஒரு நொதியை மருந்தால் தடுப்பது இயலக்கூடியது.

நோய்களும் மருந்துகளும்

சிபிபி அல்லது பி300 என்னும் எழுதி நொதியின் மரபணு பழுதுபடுவதால், அறிவுவளர்ச்சிக் குறைபாடும் அகன்ற கட்டைவிரல்களும் கொண்ட ரூபின்ஸ்டைன்-டேபி நோய்க்கூட்டு உண்டாகிறது. குழந்தைகளின் மூளைத்தண்டில் தோன்றும் கொடிய கட்டிகள் பலவற்றில், எச்3 புரதத்தின் 27 ஆம் இடத்து லைசின் மெத்தியோனினாக மாறியிருப்பது 2012 இல் அறியப்பட்டது.

அசெட்டைல் நீக்கும் நொதியைத் தடுக்கும் வோரினோஸ்டாட், தோலில் தோன்றும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு 2006 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வலிப்பு நோய்க்கு நெடுங்காலமாக வழங்கப்படும் வால்புரோயிக் அமிலமும் இந்நொதிகளைத் தடுக்கிறது என்பது 2001 இல் வெளிப்பட்டது. கருவுற்ற காலத்தில் இம்மருந்தை உட்கொண்டால் குழந்தையின் தண்டுவடம் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. எனினும் மருத்துவரைக் கேளாது மருந்தை நிறுத்துவதும் ஆபத்தானது.

இந்தியாவில் ஆய்வுகள்

பெங்களூரிலுள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில், தபஸ் குமார் குண்டு தலைமையிலான குழுவினர் பி300 நொதியைத் தடுக்கும் பொருள்களை இந்திய வீடுகளில் பழக்கமான தாவரங்களில் கண்டறிந்தனர். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயிலுள்ள அனகார்டிக் அமிலம் பற்றி 2003 இலும், கோகம் பழத்தோலிலுள்ள கார்சினால் பற்றியும் மஞ்சளின் நிறத்திற்குக் காரணமான குர்குமின் பற்றியும் 2004 இலும் அவர்கள் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டனர். அனகார்டிக் அமிலத்திலிருந்து உருவாக்கிய மற்றொரு சேர்மம், நொதியைத் தடுப்பதற்கு மாறாகத் தூண்டியது.

இம்முடிவுகளைக் கொண்டு மஞ்சள் உண்பது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று கூறுவது பொருந்தாது. ஆய்வகத்தில் பி300 நொதியின் செயலைப் பாதியாகக் குறைக்க லிட்டருக்கு ஏறத்தாழ 25 மைக்ரோமோல் குர்குமின் தேவைப்பட்டது. 2001 இல் வெளியான தைவான் ஆய்வில், நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் உட்கொண்டவர்களின் குருதியில் காணப்பட்ட சராசரி உச்ச அளவு 2 மைக்ரோமோலுக்கும் குறைவு. மஞ்சள் தூளில் குர்குமின் சில விழுக்காடே உள்ளதால், சமையல் வழியாக அந்த 8 கிராமைக்கூட எட்டுவது அரிது. எனவே இக்கண்டுபிடிப்புகளின் பயன், நொதி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிவதற்கும், மேலும் திறன்மிக்க சேர்மங்களை வடிவமைப்பதற்கும் தொடக்கப் புள்ளியாக அமைந்ததே ஆகும்.