வீக்கம் தணிக்கும் மருந்தின் இரு முகங்கள்



வில்லோ மரப்பட்டையை உலர்த்திப் பொடித்து, குளிர்காய்ச்சல் கண்ட ஏறத்தாழ 50 பேருக்குக் கொடுத்துக் குணம் கண்டதாக, எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1763-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். அப்பட்டைச் சத்தோடு உறவுடைய சாலிசிலிக் அமிலம் பின்னர் மருந்தாயிற்று. ஆனால் அது வயிற்றைப் புண்படுத்தியது. 1897-இல் ஜெர்மனியில், பேயர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், அவ்வமிலத்தைச் சற்றே மாற்றிச் செய்தனர், அதுவே ஆஸ்பிரின். வயிற்றுத் தொல்லையோ முற்றும் நீங்கவில்லை.

காரணம் யாது? 1971-இல் ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞர் விடை கண்டார். அடிபட்ட இடத்தில் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள்கள் தோன்றி வீக்கத்தையும் நோவையும் வளர்க்கின்றன. அவை உண்டாவதை ஆஸ்பிரின் தடுக்கின்றது. ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலத்தினின்று காப்பவையும் அப்பொருள்களே அன்றோ! நோவைத் தணிக்கும் செயலே காவலையும் குலைக்கின்றது. இக்கண்டுபிடிப்புக்காக 1982-இல் வேன் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அப்பொருள்களை ஆக்கும் நொதிகள் இருவகை என்பது பின்னர்த் தெரிந்தது. வீக்கத்தின்போது மிகும் நொதியை மட்டும் தடுக்கும் ரோபிகாக்சிப் என்னும் மருந்து 1999-இல் விற்பனைக்கு வந்தது. இரைப்பைப் புண் குறைந்தது. ஆயினும் நெடுநாள் உண்டவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் மிகுந்தமையால், 2004-இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

நமது உடலில் ஒரே பொருள் பல தொழில்களைப் புரிகின்றது. ஒன்றைத் தடுப்பின் மற்றொன்றும் தடைப்படலாம். ஆதலின் வலி நீக்கும் வில்லைகளை மருத்துவரைக் கேளாது நாள்தோறும் உண்ணுதல் தகாது.