ஓல்ட் ஃபெய்த்ஃபுல் விடுதி

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் விடுதி, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவினுள் அமைந்துள்ள மரத்தாலான தங்கும் விடுதி. அருகில் பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றின் பெயரே விடுதிக்கும் வாய்த்தது. கட்டிடக் கலைஞர் ராபர்ட் சேம்பர்ஸ் ரீமர் (1873–1938) வடிவமைத்த இவ்விடுதி 1904 ஜூனில் திறக்கப்பட்டது. உலகில் மரத்தண்டுகளால் எழுப்பப்பட்ட மிகப் பெரிய கட்டிடங்களுள் ஒன்றான இது, 1987இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் கட்டும் கட்டிடம் அக்காட்டின் கல்லையும் மரத்தையும் கொண்டே எழ வேண்டும் என்னும் கொள்கைக்கு இதுவே தலைசிறந்த சான்று.

பின்னணி

ஷோஷோனி, பானக், குரோ, பிளாக்ஃபீட் முதலிய பழங்குடி மக்கள் நெடுங்காலம் வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்த இந்நிலப்பகுதி, 1872 மார்ச் 1 அன்று உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1883இல் நார்தர்ன் பசிபிக் ரயில்பாதை வட எல்லையை நெருங்கியதும் பயணிகள் பெருகினர். ரயிலில் இருந்து இறங்கியவர்கள் குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டிகளில் பல நாட்கள் பூங்காவைச் சுற்றினர். ஒவ்வொரு நாள் பயணத்தின் முடிவிலும் ஒரு விடுதி தேவைப்பட்டது.

ஊற்றுகள் நிறைந்த மேல் படுகையில் முன்பு இருந்த எளிய விடுதி 1894இல் தீக்கிரையானது. அதன்பின் பெரும்பாலான பயணிகள் ஊற்றுகளைச் சில மணி நேரம் பார்த்துவிட்டு, இரவு தங்க வடக்கே கீழ்ப் படுகையில் உள்ள விடுதிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இயற்கை அதிசயங்களில் இருந்து கால் மைல் தள்ளியே விடுதி கட்டலாம் என்றிருந்த விதியை 1894ஆம் ஆண்டுச் சட்டம் அரைக்கால் மைலாகத் தளர்த்தியது. இதனால் ஊற்றைக் கண்ணெதிரே காணும்படி ஒரு விடுதி எழ வழி பிறந்தது. பூங்கா விடுதிகளை நடத்திய நிறுவனத்தின் தலைவர் ஹாரி சைல்ட், ரயில் நிறுவனத்தின் பண உதவியுடன் அதைக் கட்ட முனைந்தார்.

கட்டுமானம்

1903இல் வேலை தொடங்கியபோது ரீமருக்கு வயது 29. மரத்தண்டுகளுக்கு அக்காட்டின் லாட்ஜ்போல் பைன் வெட்டப்பட்டது. அடித்தளத்துக்கும் கணப்புக்கும் அருகிலேயே கிடைத்த ரயோலைட் என்னும் எரிமலைப் பாறை எடுக்கப்பட்டது. முண்டும் முடிச்சுமாக வளைந்த கிளைகளைத் தேடிச் சேகரித்து, தூண்களுக்கும் விட்டங்களுக்கும் முட்டுகளாகப் பொருத்தினர். யெல்லோஸ்டோனின் கடும்பனிக் காலத்திலும் தச்சர்கள் வேலையை நிறுத்தவில்லை. கட்டிடத்துக்கு ஏறத்தாழ 1,40,000 டாலர் செலவாயிற்று. தோற்றத்தில் காட்டுக் குடிலாக இருந்தாலும், தொடக்கத்திலேயே மின்விளக்கும் நீராவிச் சூடேற்றமும் இதில் இருந்தன.

அமைப்பு

விடுதியின் உயிர்நிலை அதன் நடுக்கூடம். தரையில் இருந்து கூரையின் முகடு வரை சுமார் 76 அடி உயரம் திறந்தே உள்ளது. சுற்றிலும் மரத்தண்டுத் தூண்கள் தாங்கும் மாடங்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. ஒரு மூலையில் நிற்கும் கணப்பு 16 அடிச் சதுரம் கொண்டது. ஏறத்தாழ 500 டன் கல்லால் ஆன அதில் பெரிய அடுப்புகள் நான்கும் சிறிய அடுப்புகள் நான்கும் உள்ளன. அதன் முகத்தில் தொங்கும் ஊசல் கடிகாரத்தையும் ரீமரே வடிவமைத்தார். இரும்பு வேலையைக் கொல்லர் ஜார்ஜ் கோல்பிட்ஸ் செய்தார்.

கூரையை ஒட்டி, மரத்தின் உச்சியில் கட்டிய பரண்போல ஒரு மேடை உண்டு. காக்கைக்கூடு எனப்படும் அதில் இசைக்குழுவினர் அமர்ந்து வாசிக்க, கீழே விருந்தினர் நடனமாடினர். செங்குத்தாகச் சரியும் கூரையில் சாளரங்கள் ஒழுங்கு வரிசையின்றி அமைந்துள்ளன. சில வெறும் அழகுக்காகவே வைக்கப்பட்டவை. காட்டில் எந்த இரு மரமும் ஒன்றுபோல் வளராத தன்மையைக் கட்டிடத்துக்கும் கொடுக்க ரீமர் விரும்பினார். மரத்தண்டுகளின் பட்டை 1940இல் உரிக்கப்பட்டது.

தொடக்கத்தில் 140 அறைகள் இருந்தன. 1913–14இல் கிழக்குப் பகுதியும், 1927–28இல் மேற்குப் பகுதியும் சேர்ந்தன. இரண்டையும் ரீமரே வடிவமைத்தார். மூலக் கட்டிடத்தின் எடுப்பு குன்றாதபடி அவை அடக்கமாகக் கட்டப்பட்டன. இதற்கிடையே 1915இல் மோட்டார் வண்டிகள் பூங்காவுக்குள் அனுமதிக்கப்பட்டன. விரைவிலேயே குதிரைக் கோச்சுகள் மறைந்தன.

பாணியும் வகைப்பாடும்

இவ்விடுதி பூங்கா நாட்டுப்புறப் பாணி எனப்படும் வகையைச் சேர்ந்தது. உள்ளூர்க் கல், செதுக்காத மரம், தாழச் சரியும் கூரை, நிலக்காட்சியோடு இசைந்த நிறம் ஆகியவை அப்பாணியின் அடையாளங்கள். நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைகளில் செல்வந்தர்கள் கட்டிய மர மாளிகைகளும், சுவிஸ் மலைவீடுகளும் இதன் முன்னோடிகள். எனினும் அவை தனியார் இல்லங்கள். பொதுப் பயணிகள் தங்கும் பெருவிடுதிக்கு இப்பாணியைப் பொருத்தி நிலைநாட்டிய பெருமை ஓல்ட் ஃபெய்த்ஃபுல் விடுதிக்கே உரியது.

இதன் வழிவந்த பூங்கா விடுதிகளை மூன்று வகையாகக் கொள்ளலாம்:

• மரத்தண்டுத் தூண்களே முதன்மையானவை: கிளேஷியர் பார்க் லாட்ஜ் (1913).
• கல் அடித்தளமும் மரப்பலகை மேற்கட்டும் கொண்டவை: கிரேட்டர் லேக் லாட்ஜ் (1915).
• கல்லே மேலோங்கியவை: கில்பர்ட் ஸ்டான்லி அண்டர்வுட் வடிவமைத்த யோசெமிட்டியின் அவானீ (1927).

மூன்றாம் வகையில், மரம்போல் வார்த்து நிறமேற்றிய கான்கிரீட்டும் இடம்பெறுகிறது. இதனால் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் விடுதியில் காணும் பொருள் நேர்மை அங்கே சற்று நீர்த்துப்போயிற்று.

நிலநடுக்கமும் தீயும்

1959 ஆகஸ்ட் 17 இரவு, ஹெப்ஜன் ஏரிப் பகுதியில் 7.3 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. உணவுக்கூடத்தின் புகைபோக்கி இடிந்து விழுந்தது. நடுக்கூடக் கணப்பும் சேதமுற்றது. விருந்தினர் வெளியேற்றப்பட்டனர். அன்று முதல் காக்கைக்கூட்டுக்கு விருந்தினர் ஏற அனுமதி இல்லை.

1988 செப்டம்பர் 7 அன்று காட்டுத்தீ விடுதியின் வாசல்வரை வந்தது. அண்மையில்தான் கூரையில் பொருத்தப்பட்டிருந்த நீர்த்தெளிப்பு அமைப்பும், தீயணைப்பு வீரர்களின் உழைப்பும், காற்றின் திசைமாற்றமும் அதைக் காப்பாற்றின. கிராண்ட் கேன்யன் வட விளிம்பின் லாட்ஜுக்கு அவ்வாறு அமையவில்லை. 1928இல் கட்டப்பட்டு, 1932இல் எரிந்து, மீண்டும் எழுப்பப்பட்ட அது 2025 ஜூலையில் காட்டுத்தீயில் முற்றிலும் அழிந்தது. மர விடுதி ஒவ்வொன்றும் எத்துணை எளிதில் இழக்கப்படக்கூடியது என்பதை இவை உணர்த்துகின்றன.

இன்றைய நிலை

தற்போது 300க்கும் மேற்பட்ட அறைகள் உள்ளன. மே மாதத்தில் இருந்து அக்டோபர் வரை மட்டுமே திறந்திருக்கும். மூலக் கட்டிடத்தின் பல அறைகளுக்குக் குளியலறை பொதுவானது. தொலைக்காட்சியோ குளிரூட்டியோ இல்லை. முன்பதிவு இன்றியமையாதது.