ஆறில்லா நாட்டின் துறைகள்

ஐரோப்பாவிலே சொந்தப் படகு வைத்திருப்போர் றைன், தன்யூப் முதலிய பேராறுகளின் வழியே நாட்கணக்காக உல்லாசப் பயணஞ் செய்வதுண்டு. மாலையானதும் கரையோரப் படகுத்துறை ஒன்றில் ஒதுங்குவார்கள். அங்கே படகைக் கட்ட இடமுண்டு. குடிநீரும் எண்ணெயும் உண்டு. பழுது பார்க்க ஆளுண்டு. இரவிலே காவலும் உண்டு. உரிய கட்டணத்தைக் கொடுத்துவிட்டு மறுநாட் காலை அடுத்த துறைக்குப் புறப்படுவார்கள்.

பேராறு எதுவுமில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்துகொண்டு இந்தக் கதை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். மாரியில் மட்டும் பாயும் வழுக்கையாற்றில் எந்தக் கலம் ஓடும்? தொண்டைமானாறு பெயரளவில் ஆறாயினும் உண்மையில் கடனீரேரியின் வாயேயாகும். ஆனால் கலத்தில் வருபவனை ஏற்றுக் காத்து, மீண்டும் வழியனுப்பிவைக்கும் கலை நமக்குப் புதியதன்று. அதனைத் ‘துறை’ என்ற ஒரே சொல்லில் நம் முன்னோர் அடக்கி வைத்தனர்.

கீரிமலைக் கடற்கரையில் நின்று எண்ணிப் பாருங்கள். மேற்கே மாதகற் பக்கம் சம்பில்துறை. கிழக்கே காங்கேசன்துறை; அதற்கும் அப்பால் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை. தென்கரையிலே கொழும்புத்துறை. தீவகத்திலே ஊர்காவற்றுறை. ஆற்றுக்கு நீர் இறைவன் தரவேண்டும். நமக்கோ கடலே ஆறாயிற்று. வாடையும் சோழகமும் அதன் நீரோட்டங்கள் ஆயின.

துறை என்பது வெறுங் கரையன்று என்பதற்குக் கல்லிலே சான்று உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் ஒன்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதனைப் பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து இறங்கவேண்டும். அவர்களுக்குக் காவல் அளிக்கவேண்டும் என்கிறது அச்சாசனம். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிவந்த கலமாயின் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு என்றும் அது வகுக்கிறது. கரைசேர்ந்த உடைகலம் முழுவதையும் அள்ளிக்கொள்ள வலிமையுள்ள அரசன், தன் கையைத் தானே கட்டிக்கொண்டது ஏன்? நம்பிக்கை இல்லாத துறைக்குக் கலம் வராது என்பதை அவன் அறிந்திருந்தான்.

துறையைப்போலவே கலங் கட்டும் தொழிலும் இங்கே வளர்ந்தது. வல்வெட்டித்துறையிலே மேத்திரியார்கள் கட்டிய பாய்க்கப்பல்கள் தமிழகத்துக்கும் பர்மாவுக்கும் சென்றன. ஆறில்லா ஊரிற் பிறந்த மாலுமிகள் இரங்கூன் ஆற்றினுள்ளே கலம் செலுத்தி அரிசி ஏற்றி வந்தனர்.

அத்தகைய கப்பல்களுள் ஒன்று ‘அன்னபூரணி’. 1930ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட அது, ஏறத்தாழ 90 அடி நீளமான இரு பாய்மரக் கப்பல். அதனை விரும்பி வாங்கியவர் வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர். 1928 முதல் 1931 வரை 32 அடிப் பாய்ப்படகு ஒன்றிலே உலகைச் சுற்றி வந்தவர் அவர். துறைதோறும் கலங்களைப் பார்த்துப் பழகிய கண், நம்மூர்க் கப்பலிலே நிலைத்தது. சரக்குக் கப்பலாக இருந்த அன்னபூரணி ஒரு தனிமனிதரின் பயணக் கலமாயிற்று. தம் மனைவியின் பெயரால் அதற்கு ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று புதுப் பெயர் சூட்டினார்.

அதனை அமெரிக்காவுக்கு ஓட்டிச் சென்றவர்களுள் ஐவர் வல்வெட்டித்துறையார். அவர்களின் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. ஏடன், சுயெஸ், ஜிப்ரால்ட்டர், பெர்மியூடா எனத் துறை துறையாகத் தங்கி, செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொசெஸ்ரர் துறைமுகத்தை அக்கப்பல் அடைந்தது. குளொசெஸ்ரர் தலைமுறை தலைமுறையாகப் பாய்க்கப்பல் கண்ட மீன்பிடித் துறை. கப்பலின் தரத்தை அங்குள்ளவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இக்கதையை நாம் பெருமையோடு சொல்லுகிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். கப்பல் புதுப் பெயர் பெற்றது. வாங்கியவர் பெயர் உலகறிந்தது. கட்டியவர் பெயரும் ஓட்டியவர் பெயரும் ஊராரின் நினைவிலேயே பெரிதும் தங்கின. நினைவு ஊரோடு வாழ்வது. ஊர் குலைந்தால் நினைவும் குலையும்.

நம் ஊர்கள் குலைந்தன. சுதந்திரத்துக்குப் பின் வந்த குடிவரவு, இறக்குமதிச் சட்டங்கள் பழைய கடல் வாணிகத்தை ஒடுக்கின. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றது. 1990இல் கீரிமலை, காங்கேசன்துறை, மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்கள் விட்டுவந்த கரை உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீண்டது 2017 யூலையில். இடையிலே 27 ஆண்டுகள். கடலோரத்திற் பிறந்தும் கடலறியாது ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

இப்போது மாற்றம் தெரிகிறது. 2023 யூனிலே இந்திய உல்லாசக் கப்பலொன்று காங்கேசன்துறைக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. விரைவில் நின்றுபோன அச்சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. நாளை தனிப் பாய்ப்படகுகளும் இவ்வழியே வரக்கூடும். அவற்றுக்காக இறங்குதுறை கட்டலாம், தங்குமிடமும் எழுப்பலாம். ஆனால் வருபவரின் கலம் பழுதுபட்டால் பலகை பொருத்தத் தெரிந்த கை நம்மிடம் இருக்குமா? காற்றின் குணத்தைச் சொல்லத் தெரிந்த முதியவர் இருப்பாரா?

கருங்கல்லும் சீமெந்தும் துறையின் உடல். தொழிலறிந்த மக்களே அதன் உயிர். பாய்மரமும் கயிறும் பற்றிய பழஞ்சொற்கள் பலவற்றை இன்றும் சில முதியவர்கள் அறிந்திருக்கிறார்கள். நம் மாணவர்கள் குறிப்பேட்டோடு அவர்கள் முற்றத்தில் போய் அமரவேண்டும். கலங் கட்டும் தொழிலை நம் தொழிற்கல்வியிற் சேர்க்கும்படி கேட்கவேண்டும். இவற்றை நாம் செய்யாவிடில், துறை என்று முடியும் நம் ஊர்ப் பெயர்களுக்கு நாளைய பிள்ளை பொருள் கேட்கும்போது, அகராதியைத்தான் நாம் காட்டவேண்டியிருக்கும்.