கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் தமிழர் வாழ்வு

கோலசிலாங்கூர் என்றவுடன் கற்றோர் நினைவுக்கு முதலில் வருவது மெலாவத்திக் குன்றே. சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையோடு கலக்கும் இடத்தில் அக்குன்று நிற்கிறது. 1784இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றித் தம் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டுக்கொண்டார். சிலாங்கூரின் முதல் சுல்தான் சலேகுத்தீன் அடங்கிய இடமும் அதுவே. 1907இல் அங்கே கலங்கரை விளக்கம் எழுந்தது. இவை யாவும் நம் மாணவர் அறிந்த செய்திகள்.

ஆனால் அக்குன்றின்மேல் நின்று கிழக்கையும் வடக்கையும் நோக்குவோர் காண்பது வேறொரு காட்சி. கண்ணுக்கெட்டிய தூரம்வரை சமநிலம். அதன்மேல் நிரை நிரையாகச் செம்பனை. குன்றுக்கு வரலாறு உண்டு. இந்தச் சமநிலத்துக்கு வரலாறு இல்லையா? உண்டு. அதைச் சுருக்கமாகக் கூறுவதும், அதற்குரிய சான்றுகள் இன்று யார் கையில் இருக்கின்றன என்பதை ஆசிரிய நண்பர்களுக்கு நினைவூட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் கானும்

தெற்கே ஜெராம் முதல் வடக்கே தஞ்சோங் காராங்கைக் கடந்து சபாக் பெர்ணம் வரை கடலை ஒட்டிக் கிடப்பது வண்டல் நிலம். கடல் ஏறும் வேளையில் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்த இடங்களும் இதில் உண்டு. கடற்பக்கம் அலையாத்திக்காடு, உட்பக்கம் இலைதழை மட்கிய கரிய சதுப்பு. இத்தகைய நிலத்தில் மரம் நடுவதற்கு முன் மூன்று வேலைகள் முடிய வேண்டும். உப்புநீர் புகாதவாறு கரை கட்ட வேண்டும். கரையில் மதகு வைத்து, கடல் வற்றும்போது திறந்து, ஏறும்போது அடைக்க வேண்டும். மழைநீரை அம்மதகுவரை கொண்டுசேர்க்கப் பெரிய கானும், அதில் வந்து சேரும் சிறு கான்களும் வெட்ட வேண்டும். கான் தூர்ந்தால் வேர் அழுகும். வேர் அழுகினால் மரம் சாயும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். இலக்கியத்தில் கான் என்றால் காடு. தோட்டத்தில் கான் என்றால் நீரோடும் வாய்க்கால். காடாகக் கிடந்ததைக் கானாக வெட்டி நிலமாக்கிய மக்கள் வழக்கில் இச்சொல் வழங்குவது பொருத்தமாகவே இருக்கிறது.

இந்நிலத்தைத் தமிழர் மட்டுமே ஆக்கினர் என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். காடு வெட்டுவதிலும் குத்தகைக்குக் கான் தோண்டுவதிலும் சீனர் முன்னின்றனர். கரையோரக் கம்பங்களைத் திறந்தவருள் ஜாவானியரும் பஞ்சாரியரும் மிகப் பலர். 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் வேறொரு பெரும் உழைப்பின் வரலாறு. ஆயினும் தோட்டத்திற்குள்ளே களை எடுத்து, தூர் வாரி, மரம் வெட்டிப் பால் எடுத்து, ஆண்டாண்டாக அதைக் காத்தவர் பெரும்பாலும் நம்மவரே.

அவர்கள் திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். முதலில் வந்தோர் சஞ்சிக் கூலிகள், ஒப்பந்தத்தால் கட்டுண்டவர்கள். 1910இல் அம்முறையில் ஆள் எடுப்பது நின்றது. பின்னர்க் கங்காணிமார் தத்தம் ஊருக்குச் சென்று உற்றார் உறவினரைத் திரட்டி வந்தனர். 1890களில் காப்பி விலை வீழ்ந்ததும், அடுத்த பத்தாண்டுகளில் ரப்பர் விலை உயர்ந்ததும் இந்த ஆள்திரட்டலுக்குக் காரணங்களாயின.

காய்ச்சலும் கானும்

வந்தவருள் பலர் ஓராண்டு முடியுமுன் மாண்டனர். 1911ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் இறந்த இந்தியத் தொழிலாளர் விகிதம் ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டியது. மலேரியாவே முதற் காரணம். வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் அதற்குத் துணையாயின. கடலோரத்தில் கிணறு தோண்டினால் உவர்நீர் ஊறும். ஆகவே மழைநீரையும், சில வேளைகளில் கான் நீரையும் குடித்தனர்.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். 1901 முதல் கிள்ளானில் அரசாங்க மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அந்த அறிவை நிலத்தில் பயன்படுத்தினார். அவர் கண்ட உண்மை வியப்புக்குரியது. கடலோரச் சமநிலத்தில் நோய் பரப்பும் கொசு நிழல் படிந்த சதுப்பில் முட்டையிடுவது. காட்டை வெட்டிக் கான் எடுத்தால் அது மறைந்துவிடும். மலையடிவாரத்திலோ நோய் பரப்பும் கொசு வேறு இனத்தது. அது வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. அங்கே காட்டை வெட்டினால் நோய் பெருகும். ஆகவே ஒரே மாநிலத்தில் கரையோரத் தோட்டத்துக்கு ஒரு மருந்து, மலைத் தோட்டத்துக்கு வேறு மருந்து என்றாயிற்று.

இதன் பொருளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மரத்தின் வேரைக் காப்பதற்காக வெட்டிய கானே மக்களின் உயிரையும் காத்தது. ஆனால் அதை வெட்டியவர் அது முடியும்வரை சதுப்பின் நடுவே வாழ்ந்தனர். கானின் பயனை முழுமையாக நுகர்ந்தவர் அவர்களுக்குப் பின் வந்தவர்களே. நாம் அந்தப் பின்வந்தோரின் பிள்ளைகள்.

தென்னமரம்

பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பகுதியில், தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. மலேசியாவில் செம்பனை வாணிக அளவில் முதன்முதலாகப் பயிரிடப்பட்டது அங்கேதான், ஆண்டு 1917. பயிரிட்டவர் ஹென்றி பொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1905இல் மலாயாவுக்கு வந்த அவர் சிலாங்கூர் ஆற்றங்கரையில் ராந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் பயிரிட்டார். சுமத்திராவிலிருந்து பெற்ற செம்பனை விதைகளை முதலில் அங்கே அழகுக்காக நட்டார். பின்னர்த் தென்னமரத்தில், காப்பி பயன் தராத நிலத்தில், பயிராகவே நட்டார். மலாயா வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர்ப் பரிசைப் பெற்றது.

பொக்கோனியேவின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. அவர் தோட்டத்தில் கன்று நட்டவர் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவர்கள் ஒரு சுவட்டை விட்டே சென்றிருக்கிறார்கள். தோட்டத்தின் பெயரே அது. ஏட்டுத் தமிழில் தென்னைமரம் என்பது வழக்கு. பதிவாகி நின்றதோ ஐகாரம் குறைந்த தென்னமரம். புத்தகத்தைப் பார்த்து வைத்திருந்தால் இவ்வடிவம் வந்திராது. பேச்சைக் காதால் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். மலாய் மண்ணில், பிரெஞ்சுக்காரர் பயிரிட்ட தோட்டத்தில், ஆங்கில ஆட்சியின் பதிவேட்டில், நம் மக்களின் வாய்மொழி அப்படியே பதிந்து கிடக்கிறது.

லயத்து வாழ்க்கை

நான் பிறந்து வளர்ந்ததும் இவ்வட்டாரத்துத் தோட்ட லயம் ஒன்றிலேதான். பத்தடிக்குப் பத்தடி அறை, முன்னே ஒரு தாழ்வாரம், பின்னே அடுப்படி. இதுவே பழைய லயத்து வீட்டின் அளவு. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். தாய்மார் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார்கள். மரத்தை வெட்டி மங்கில் பால் வடியவிட்டு, வெயில் ஏறியபின் வாளிகளைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்கு நடப்பார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. இப்போதும் விடியற்காலையில் மழை ஒலி கேட்டால், என் தாயார் எழுந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்த முகமே என் நினைவுக்கு வருகிறது.

லயத்தின் ஒரு கோடியில் மாரியம்மன் கோயில். தோட்டத்து எல்லையில் முனியாண்டி. இன்னொரு புறம் கள்ளுக்கடை. சம்பள நாளன்று இம்மூன்றுக்கும் கூட்டம் சேரும். திருவிழாச் செலவுக்கு எல்லோரும் கணக்காகப் பணம் கொடுத்தனர், தலைவரைத் தேர்ந்தனர், வரவுசெலவை மக்கள் முன் படித்தனர். சங்கம் வைத்துச் செயலாற்றும் பழக்கத்தை நம்மவருள் பலர் முதலில் கற்றது கோயில் திண்ணையில்தான்.

கூலியும் மதிப்பும்

1920களின் இறுதியில் தர ஊதியம் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வகுக்கப்பட்டது. உலக மந்தம் வந்ததும் அதுவும் குறைந்தது. ஆட்கள் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பப்பட்டனர். 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டுக்கு வந்து ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் பழைய ஊதியத்தை மீண்டும் வழங்கப் பரிந்துரைத்தார். 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் புறப்படுவதையே தடுத்துவிட்டது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்றனர். சீனருக்கு இணையான கூலி கேட்டனர். கள்ளுக்கடையை மூடக் கேட்டனர். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி கேட்டனர். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டனர். இக்கோரிக்கைகளுள் பல, காசைப் பற்றியன அல்ல என்பதைக் காண்க. நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர்.

அடுத்து வந்தது ஜப்பானியர் காலம். மரவள்ளியே உணவாயிற்று. தோட்டத்து ஆடவர் ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், திரும்பாதவர் பலர். போருக்குப்பின் 1948 முதல் 1960 வரை அவசரகாலம். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. விடுதலைக்குப்பின் தோட்டத் துண்டாடல் பரவியது. அதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். 1969க்குப்பின் குடியுரிமை இல்லாதார் வேலைக்கு அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. பல குடும்பங்கள் கப்பலேறித் தமிழகம் மீண்டன. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டதும் முன்போல் அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை.

பள்ளிப் பதிவேடு

1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. கிராணியோ கங்காணியோ ஓய்ந்த வேளையில் ஆசிரியராக இருந்த கொட்டகைகளே பல தோட்டங்களில் பள்ளியாக நின்றன. ஆயினும் அவை நின்றன. 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530.

பழைய பள்ளி ஒவ்வொன்றிலும் சேர்க்கைப் பதிவேடு ஒன்று உண்டு. பிள்ளையின் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம். இந்தக் கடைசிப் பத்தியை ஆசிரியர்கள் பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். "வேலைக்குச் சென்றான்" என்று பன்னிரண்டு வயதுப் பையனுக்கு நேரே இருக்கும். "தம்பியைப் பார்க்க வேண்டி நின்றுவிட்டாள்" என்று ஒரு பெண்ணுக்கு நேரே இருக்கும். "வேறு தோட்டம்" என்று ஒரே மாதத்தில் வரிசையாகப் பத்துப் பெயர்களுக்கு நேரே இருந்தால், அத்தோட்டம் அந்த மாதம் கைமாறியதோ என்று ஆராய இடமுண்டு. "இந்தியா சென்றார்" என்ற குறிப்பு 1969க்குப்பின் அடுத்தடுத்து வரும். மேலே நான் ஆண்டுவாரியாகச் சொன்ன பெருநிகழ்ச்சிகள் யாவும் அந்தக் குறுகிய பத்திக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அங்கே அவற்றுக்குப் பெயரும் உண்டு, தகப்பன் பெயரும் உண்டு.

ஒரு குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த புதிதில், நான் பணியாற்றிய பள்ளி வேறிடத்துக்கு மாறியது. கறையான் அரித்த பழைய ஏடுகளை ஒதுக்கச் சொன்னார்கள். நானே தூக்கிச் சென்று பள்ளிக்குப் பின்னால் போட்டு எரித்தேன். மேலே கிடந்த ஏட்டில் போருக்கு முந்திய ஆண்டொன்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் தீயில் இட்டேன். பத்தாண்டுகளுக்குப்பின் ஒரு முதியவர் தம் பிறப்புக்குச் சான்று தேடி வந்தார். தந்தை ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாதவர். தமக்குத் தெரிந்த ஒரே ஆவணம் தாம் இரண்டு ஆண்டுகள் படித்த பள்ளியின் ஏடு என்றார். அவருக்கு நான் என்ன விடை சொல்வது? "இல்லை, ஐயா" என்றேன். "பரவாயில்லை, வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் போனார். அச்சொல் இன்னும் என்னைச் சுடுகிறது.

தமிழாசிரிய நண்பர்களே, தோட்டங்கள் நகரங்களாகின்றன. பள்ளிகள் இடம் மாறுகின்றன. அது நடக்கட்டும், நல்ல கட்டடம் நம் பிள்ளைகளுக்கு வேண்டியதே. ஆனால் மாறும்போது பழைய பதிவேடுகளை முதல் வண்டியில் ஏற்றுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். கோயில் கல்லில் உள்ள ஆண்டையும், இடுகாட்டில் எஞ்சிய பெயர்களையும் மாணவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். எண்பது வயதைக் கடந்தவர் ஊரில் இருந்தால், இந்தக் கானுக்கு என்ன பெயர், யார் வெட்டியது என்று கேளுங்கள். டச்சுக்காரர் ஓராண்டு ஆண்ட குன்றின் வரலாற்றை நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். தங்கள் பாட்டன் ஆயுள் முழுதும் உழைத்த நிலத்தின் வரலாற்றையும் அவர்கள் படிக்க வேண்டும். அதற்குரிய ஏடு நம் அலமாரியில் இருக்கிறது.