பெருந்தோட்ட நிதியும் பாராளுமன்றக் கண்காணிப்பும்: இலங்கை மலையகம்

நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய மலையகத் தேயிலைப் பகுதிகளில் அரசு நிறுவனங்கள் செலவிடும் பொதுப்பணத்தை மக்கள் பிரதிநிதிகள் கேள்விக்கு உட்படுத்தும் முறையும் அது வளர்ந்த வரலாறும் இக்கட்டுரையின் பொருள். இலங்கையில் இம்முறைக்கு மூன்று படிகள் உண்டு. ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் குழுநிலை விவாதத்தில் அமைச்சுகளின் செலவுத் தலைப்புகள் ஆராயப்படும். செலவான பின் கணக்காய்வாளர் தலைமையதிபதி கணக்குகளைப் பரிசோதிப்பார். அவர் தரும் அறிக்கைகளை வைத்துக்கொண்டு திணைக்களங்களை அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவும் (கோபா), கூட்டுத்தாபனங்களை அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழுவும் (கோப்) விசாரிக்கும். பொது நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்று அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆனால், மலையகத்தின் வரலாற்றில் அந்தக் கட்டுப்பாடு எதுவரை எட்டியது என்பதைத் தீர்மானித்தது அங்கே சென்ற பணத்தின் அளவு அல்ல. பணத்தைச் செலவிட்ட நிறுவனத்தின் சட்ட வடிவமே. நிறுவனம் வடிவம் மாறியபோதெல்லாம் கேள்வி கேட்கும் உரிமையும் இடம் மாறியது அல்லது மங்கியது.

தொடக்கம்

பொதுக் கணக்குகளை ஆராயும் குழு 1921இல், குடியேற்ற ஆட்சிக் காலச் சட்டசபையில் அமைந்தது. 1931இல் வந்த டொனமூர் அரசியலமைப்பு அரச சபையின் உறுப்பினர்களை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிடமும் சில திணைக்களங்களை ஒப்படைத்தது. அவ்வாண்டு அட்டன் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தெரிவான பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936இல் அதே தொகுதியைத் தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் வென்றார். தோட்டங்கள் அப்போது தனியார் கம்பனிகளின் உடைமையாக இருந்தன. ஆயினும், தோட்டத் தொழிலைக் கண்காணித்த அரசுத் திணைக்களத்தின் செலவு மலையகம் அனுப்பிய பிரதிநிதிகளின் பார்வைக்கு உட்பட்டிருந்தது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது, நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றனர். ஆனால், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. 1952 தேர்தலில் அவர்களின் பிரதிநிதி ஒருவர்கூடத் தெரிவாகவில்லை.

அரசுடைமைக் காலம்

இந்த வெற்றிடத்துக்குள்தான் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் உடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிநாட்டுக் கம்பனிகள் உட்படக் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1958இல் உருவான அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும், 1976இல் உருவாகி மக்கள் வழக்கில் ‘ஜனவசம’ என்றே அறியப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அவற்றை நிர்வகித்தன. நாட்டின் அந்நியச் செலாவணிக்கு முதுகெலும்பான தொழில் இவ்வாறு பொதுச் சொத்தானது. ஆனால் அதில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள். தொண்டமானும் தொழிற்சங்கத் தலைவர் அ. அஸீஸும் வெவ்வேறு காலங்களில் நியமன உறுப்பினர்களாகச் சபையில் இருந்தார்களே தவிர, அப்போது தோட்ட மக்களின் வாக்கைப் பெற்று அங்கே சென்றவர்கள் அல்லர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பட்டினி வாட்டியபோதும் இதே நிலைதான்.

1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூவர் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் தெரிவானார். 1979இல் கோப் குழு உருவானது. பிரதிநிதியும் வந்தார், குழுவும் வந்தது. கேள்வி கேட்கும் காலம் இனிப் பிறக்கும் என்று எண்ண இடமிருந்தது. ஆனால் 1978இலேயே தொண்டமான் அமைச்சராகிவிட்டார். அப்போது தொடங்கி மலையகத்தின் முதன்மைத் தலைவர்கள் பெரும்பாலும் அமைச்சரவையிலேயே அமர்ந்தனர். அதனால் குடியுரிமை, வீடு, மின்சாரம் எனப் பல நன்மைகள் கிடைத்தன என்பதை மறுக்க முடியாது. எனினும், செலவிடும் வரிசையில் அமர்ந்தவர் கேட்கும் வரிசையிலும் அமர முடியாது. வாக்குரிமை மீண்ட பிறகும் கண்காணிப்பு வலுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்பனிகளின் காலம்

தோட்டங்களை நிர்வகித்த இரு அரச நிறுவனங்களின் நட்டமும் திறைசேரிக்குச் சுமையானதால் 1992இல் ஏறத்தாழ 450 தோட்டங்கள் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மாற்றப்பட்டன. அரச கூட்டுத்தாபனங்களைப் பொதுக் கம்பனிகளாக்க இடமளித்த 1987ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டமே அதற்கு வழி. நிலம் அரசிடமே தங்கியது. கம்பனிகள் அதைக் குத்தகைக்கு எடுத்தன. திறைசேரிச் செயலாளரிடம் ஒவ்வொரு கம்பனியிலும் சிறப்புரிமை கொண்ட ‘தங்கப் பங்கு’ ஒன்று இருக்கிறது. வீடமைப்புக்கும் நலன்புரிக்கும், இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படும் அமைப்பு அதே ஆண்டில் தோன்றியது. அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமர்ந்த அந்நிதியம் திணைக்களமும் அல்ல, கூட்டுத்தாபனமும் அல்ல. தோட்டப் பாடசாலைகளின் கதை வேறு. 1970களின் பிற்பகுதி முதல் அரசு அவற்றைப் பொறுப்பேற்றதால் அவற்றின் செலவு கல்வித் தலைப்பின் கீழ் வந்தது. வழக்கமான கணக்காய்வுக்கும் உட்பட்டது. ஒரே தோட்டத்தில் பள்ளிக்கூடத்தின் கணக்கை ஒரு குழு கேட்கலாம். பக்கத்திலுள்ள லயத்தின் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின்) கணக்கை யாரிடம் கேட்பது என்பதே கேள்வியாக நின்றது.

மறுப்புகளும் விடையும்

கம்பனியின் கணக்கைப் பார்க்கக் கம்பனிச் சட்டமும் பங்குதாரரும் இருக்க, பாராளுமன்றத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கம்பனியின் இலாப நட்டத்தைக் கோப் குழு ஆராய வேண்டியதில்லை. ஆனால், குத்தகைக்கு விடப்பட்ட நிலம் பொதுச் சொத்து. தங்கப் பங்கு பொது அதிகாரம். குத்தகைப் பணம் ஒழுங்காக வந்ததா, தங்கப் பங்கின் உரிமைகளைத் திறைசேரி எப்போதாவது பயன்படுத்தியதா என்ற வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அரச அதிகாரிகளே. அவர்களை அழைக்கப் பாராளுமன்றத்துக்கு முழு உரிமை உண்டு. சட்ட வடிவம் எல்லையை எவ்வளவு எளிதாக நகர்த்தும் என்பதற்கு அண்மைச் சான்றும் இருக்கிறது. அரசு பாதி அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருக்கும் கம்பனிகளைக் கணக்காய்வுக்குள் கொண்டுவந்தது 2015ஆம் ஆண்டின் 19ஆம் திருத்தம். 2020இல் 20ஆம் திருத்தச் சட்டமூலம் அவற்றை விலக்க முன்மொழிந்தது. கம்பனிகள் மாறவில்லை, கோடு மட்டுமே நகர்ந்தது.

இக்குழுக்கள் காரியம் முடிந்தபின் கணக்குப் பார்ப்பவை, அவற்றால் பயனில்லை என்பது இரண்டாவது மறுப்பு. கோப் அறிக்கைகள் 2007இல் சுட்டிக்காட்டிய தனியார்மயமாக்கல் கொடுக்கல்வாங்கல்களில் இரண்டை உயர் நீதிமன்றம் 2008, 2009ஆம் ஆண்டுகளில் செல்லாதவை ஆக்கியது. 2016இல் மத்திய வங்கிப் பிணைமுறி பற்றிய கோப் அறிக்கையைத் தொடர்ந்து ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்தது. ஆகவே, பயனில்லை என்பது சரியன்று. ஆனால் ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தம்மிடம் எஞ்சிய தோட்டங்களின் தொழிலாளருக்குச் செலுத்தத் தவறிய ஊழியர் சேமலாப நிதி, பணிக்கொடை நிலுவைகள் குழுக்களின் முன் திரும்பத் திரும்ப வந்தும் தீராமல் இழுபட்டன. வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. முதல் இரு நேர்வுகளிலும் அறிக்கையை எடுத்துச் செல்ல நீதிமன்றமோ ஆணைக்குழுவோ இருந்தது. நிலுவை விடயத்தில் நட்டத்தில் ஓடும் நிறுவனத்திடம் பணமே இல்லை. இறுதியில் கொடுக்க வேண்டியது திறைசேரி. குழுவின் கண்டுபிடிப்பு மறு ஆண்டின் ஒதுக்கீட்டில் ஓர் எண்ணாக மாறாதவரை ஓய்வு பெற்ற தொழிலாளியின் கைக்கு எதுவும் வராது.

இன்றைய நிலை

2018ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாகக் கொள்ளப்பட்ட பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. 32ஆம் இலக்கச் சட்டம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கியது. 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் முறைகேடான செலவை உரிய அதிகாரியிடமிருந்தே அறவிட வழிசெய்தது. மலையகத்துக்கான செலவு கணக்காய்வுக்குப் பழக்கப்பட்ட வடிவங்களுக்குள் வரத் தொடங்கியதே இவற்றின் முக்கியத்துவம். ஆனால் பணம் மீண்டும் வடிவத்தை முந்திக்கொண்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்கவும், அதற்குமேல் 200 ரூபா வருகை ஊக்குவிப்பை அரசாங்கமே வழங்கவும் முன்மொழிந்தது. அந்த 200 ரூபா பொதுப்பணம்; ஆனால் ஒருவர் வேலைக்கு வந்தாரா, அவருக்கு முழுப்பெயர் (முழுநாள் வேலை) போடப்பட்டதா, அரைப்பெயரா (அரைநாள் வேலை) என்பதைப் பதிவது தோட்ட நிர்வாகத்தின் செக்ரோல் எனும் வருகைப் பதிவேடு. கணக்காய்வு அமைச்சின் வாசலோடு நின்றுவிட்டால், ஒதுக்கிய தொகை வெளியே சென்றது என்பது மட்டுமே உறுதியாகும். அது போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்ய, கணக்காய்வாளரின் விரல் செக்ரோலில் உள்ள பெயர் வரை செல்ல வேண்டும்.